பூவண்டிக்குப் புது எஞ்சின்

தோவாளைச் சுயம்புலிங்கத்தின் பூவண்டிக்குப் பட்டாளத்து ஜீப் எஞ்சினைத் தூக்கி வைத்த நாளிலிருந்து டிரைவர் செல்வதாசுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. யுத்த காலம் முழுக்க, பெட்ரோல் கிடைக்காத நாளில் கரியை எரித்த புகையிலும்கூட அதே வண்டியை ஓட்டியவர் அவர். வண்டி நடுவழியில் படுத்திருக்கிறது. ஒரு தடவை சக்கரம் கழன்று வயலுக்குள் தனியாக ஓடியிருக்கிறது. அன்றெல்லாம் அவர் பயந்ததில்லை. நின்றுபோன வண்டியைக் கண்டு யார் பயப்படுவார்கள்?

அது ஒரு சின்ன இங்கிலீஷ் வண்டி. முன்னால் இரண்டு பேர் தோள் இடிக்க உட்காரலாம். பின்னால், பூவின் ஈரம் கீழே வடிவதற்காக இடைவெளி விட்டு அடித்த பலகைத் தட்டு. பிச்சிப் பூவைச் சாக்கு விரித்த கூடைகளில் நிறைத்து அந்தத் தட்டில் அடுக்கி, மத்தியானம் தோவாளையில் புறப்பட்டால், மொட்டு வாய் திறக்குமுன் திருவனந்தபுரம் சேர்ந்துவிட வேண்டும். விரிந்த பூவை மாலை கட்டுகிறவன் கையால் தொடமாட்டான். பழைய எஞ்சினுக்கு இது வரவர முடியாத காரியமாகிக்கொண்டிருந்தது. பார்வதிபுரம் தாண்டி ஏற்றம் வந்தால் சைக்கிள்காரன்கூட மணியடித்துக்கொண்டு முந்திப் போவான். கோட்டாற்றுப் பூ வியாபாரி குமாரதாசின் வேன் முன்னால் போய்ப் பூவை இறக்கி, அதன் டிரைவர் சாயா குடித்துப் பல்லைக் குத்திக்கொண்டு நிற்கும்போதுதான் இந்த வண்டி இருமி இருமிப் போய்ச் சேரும்.

சுயம்புலிங்கம் ரோஷக்காரர். ஐம்பத்திரண்டாம் வருஷம் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மதுரைக்குப் போனவர், ஒரு ஜீப் எஞ்சினைக் கியர்ப்பெட்டியோடு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கோட்டாற்றில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஜான்ரோஸ் மேஸ்திரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எலிக்க வயித்துக்குள்ள பூனையப் பிடிச்சு வைக்கச் சொல்லுகேரு."

"முடியுமா முடியாதா, அதச் சொல்லும்" என்றார் சுயம்புலிங்கம்.

முடிந்தது. முன்தகட்டை அறுத்து, ரேடியேட்டரை முன்னால் தள்ளி, மூட மறுத்த பானட்டைக் கயிறு போட்டுக் கட்டி, ஜான்ரோஸ் அந்த எஞ்சினை உட்கார வைத்துவிட்டார். முன்சக்கரப் பிரேக்குக்குப் போகிற கம்பி புது எஞ்சினின் அடியில் இடித்தது. அதை வளைத்துக் கொண்டுபோனதில் முன்பிரேக் பேருக்குத்தான் பிடித்தது. "பின்னால உள்ளது போரும் ஓய்" என்றார். எஞ்சின் பெரிதானால் சக்கரமும் பெரிதாக வேண்டும் என்று பின்னால் பெரிய டயர் மாட்டினார். அது மட்காட்டில் உரசியது. பலகைத் தட்டுக்கும் டயருக்கும் நடுவே இருந்த அந்தத் தகட்டை வெட்டி மூலையில் எறிந்தார். அவசரப்பட்டுச் செய்த வேலை இல்லை. ஜான்ரோஸ் கைதேர்ந்தவர் என்பதில் செல்வதாசுக்கு அன்றும் சந்தேகமில்லை, பின்னாளிலும் இல்லை.

முதல் ஓட்டத்துக்கு முதலாளியே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பார்வதிபுரம் ஏற்றத்தில் ஒரு பஸ்ஸைப் பின்னால் தள்ளியபோது தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். அடி செல்வதாசின் தொடையிலும் விழுந்தது.

"வே செல்வதாசு, பறக்குல்லா! குமாரதாசு இன்னைக்கு நம்ம பொகையத்தான் திங்கணும்."

செல்வதாசுக்கும் அந்த நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. வில்லுக்குறியில் கால்வாய்ப் பக்கம் வண்டியை நிறுத்திப் பூவுக்குத் தண்ணீர் காட்டுவது வழக்கம். சாக்கை நீக்கிக் கையால் தெளித்துவிட்டு மூடுவார். அன்றைக்குத் திறந்து பார்த்தால் காற்று அடித்த அடியில் சாக்கு மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது.

"தெளிக்கதெல்லாம் இனி பத்தாது. வாளியோட கவுத்தும்" என்றார் முதலாளி.

கவிழ்த்தார். வாளி வாளியாகக் கவிழ்த்துவிட்டுப் புறப்பட்டார். தக்கலை இறக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் ரோட்டை அடைத்து நடந்துகொண்டிருந்தார்கள். செல்வதாஸ் பிரேக்கை மிதித்தார். மிதித்தது வண்டிக்குத் தெரியவில்லை. மிதி வழக்கம்போல இறுகி நின்றது, வண்டி அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹாரனை அமுக்கினார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். ஒரு பெண்பிள்ளையின் சடை, வண்டியின் கண்ணாடியைத் தொட்டுவிட்டுப் போனது. ரொம்ப தூரம் கழித்து, சமதரையில், என்னமோ நினைத்துக்கொண்டது போல வண்டி நின்றது.

"எதுக்கு வே நிறுத்துகேரு?" என்றார் முதலாளி. அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு இது வாடிக்கையாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் நடக்கவில்லை; ஆனால் நடந்தபோதெல்லாம் தக்கலைக்கும் குழித்துறைக்கும் இடையில்தான் நடந்தது. வடசேரியில் தன் வீட்டு வாசலில் விடிந்ததும் செல்வதாஸ் வண்டியை ஓட்டி மிதித்துப் பார்ப்பார். கட்டிப்போட்ட காளை மாதிரி நிற்கும். நாகர்கோயில் தெருக்களில் நிற்கும். இறக்கத்தில், ஆளைக் கண்டால், நிற்காது. மூன்று முறை ஜான்ரோசிடம் கொண்டுபோனார். மூன்றாம் முறை மேஸ்திரி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சுசீந்திரம் வரை தானே ஓட்டினார். வயல் நடுவே நேர்க்கோடாய்க் கிடந்த ரோடு. காலி வண்டி. விரட்டி விரட்டி ஓட்டி, மிதித்து மிதித்து நிறுத்திக் காட்டினார். செல்வதாசின் நெற்றி கண்ணாடியில் மோதியது.

"நிக்குதா?"

"நிக்குது."

"பின்ன என்ன ஓய்? பிரேக்குல கொறை இல்ல. உமக்குக் கால்லதான் பெலம் இல்ல. வயசாவுதுல்லா?"

செல்வதாஸ் தன் காலைப் பார்த்தார். ஒருவேளை அதுதானோ என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது. வண்டியைச் சந்தேகிப்பதைவிடத் தன் காலைச் சந்தேகிப்பது இன்னும் பயமாக இருந்தது. ஸ்பானர் போட்டுக் காலைத் திருத்த முடியாதல்லவா.

"நேத்தும் தூக்கத்துல கட்டிலச் சவுட்டிக்கிட்டே கெடந்திய" என்றாள் அவர் மனைவி நேசம்மாள், கஞ்சியை முன்னால் வைத்தபடி. "அப்படி என்னத்தத்தான் நிறுத்தப் பாக்கிய?"

அவர் சொன்னார். தொடுவெட்டிச் சந்தையைச் சொன்னார். சந்தையைத் தாண்டியதும் குழித்துறைப் பாலத்துக்கு ரோடு சரிந்து இறங்கும். இரண்டு பக்கமும் செம்மண் திட்டு. நடுவே மரச்சீனிக் கிழங்குக் கூடையும் தேங்காய்க் குலையுமாய்த் தலைச்சுமை ஜனம். என்றைக்காவது ஒருநாள் அந்த ஜனத்துக்குள் வண்டி புகுந்துவிடும். யார் தலை, யார் கை என்றுகூட அவருக்குச் சில நேரம் தெரிகிறது.

"அப்ப வேலைய விட்டுருங்க. வேற வண்டியா இல்ல ஊருல?"

"நான் எறங்குனா ஆரு ஏறுவான், தெரியுமா? உனக்கத் தம்பி."

நேசம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் தம்பி தேவகுமார் பஸ் கம்பெனியில் ஆள் குறைந்த நாட்களில் மட்டும் வண்டி எடுப்பவன். ஜீப் எஞ்சினைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து சுயம்புலிங்கம் பூ சேர்த்து வைக்கிற கிட்டங்கியைச் சுற்றிச் சுற்றி வந்தான். வேகம் என்றால் அவனுக்குக் கண் மண் தெரியாது.

"அவன் ஏறினா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. "ஆண்டவரே" என்று மட்டும் சொன்னாள். வேலையை விடச் சொல்லி அதன் பிறகு அவள் பேசவில்லை. செல்வதாசும் விடவில்லை. சாவே வந்தாலும் ஸ்டியரிங்கில் தன் கை இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு தினமும் ஏறினார். இறக்கங்களில் ஊர்ந்தார். வண்டி பழையபடி பிந்த ஆரம்பித்தது.

முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கூடைகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார்.

"ஜீப் எஞ்சினு போட்டும் குமாரதாசுக்குப் பின்னாலயே போறதுன்னா, பழைய கரிச்சட்டியே போருமே வே. திங்கக்கெழம மொதக்கொண்டு தேவகுமார் எடுக்கட்டும். இன்னைக்கு அவனும் கூட வருவான். வழியக் காட்டிக் குடும்."

தேவகுமார் தலைமுடியில் எண்ணெய் தேய்த்து வகிடெடுத்து, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி வந்து நின்றான்.

"அத்தான், கோவமா?"

"ஏறுலே" என்றார் செல்வதாஸ்.

வழியெல்லாம் அவனிடம் சொல்லிப் பார்த்தார். மிதித்தால் நிற்பதில்லை என்றார். எப்போது என்று கேட்டான். எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. எதனால் என்று கேட்டான். அதுவும் தெரியவில்லை. தனக்கே அது பேய்க்கதை மாதிரி காதில் விழுந்தது.

"அத்தான், ஒரு ஜெபம் பண்ணிட்டு எடுத்தாப் போரும். எல்லாம் நிக்கும்" என்று சிரித்தான்.

வில்லுக்குறியில் தேவகுமாரே வாளியை வாங்கிக்கொண்டான். திங்கட்கிழமைக்கு ஒத்திகை பார்ப்பது போல, சட்டை நனைவதையும் பாராமல், சாக்கெல்லாம் ஊறிச் சொட்டும் அளவுக்கு ஊற்றினான். புறப்பட்டதும், தக்கலைவரை செல்வதாஸ் வண்டியைத் தவழ விட்டார். அழகியமண்டபத்தில் குமாரதாசின் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டியது. அதன் டிரைவர் கையை வெளியே நீட்டி, வாருங்கள் வாருங்கள் என்று விருந்துக்கு அழைப்பது போல ஆட்டிவிட்டுப் போனான்.

"நிறுத்துங்க அத்தான். நான் எடுக்கேன்."

"வேண்டாம் மக்கா."

"திங்கக்கெழம நான்தானே எடுக்கணும்? அன்னைக்கு நீங்களா கூட இருக்கப் போறிய?"

அந்தக் கேள்விதான் செல்வதாசை மடக்கியது. திங்கட்கிழமை இவன் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அது வருவதானால் இன்றைக்கே, நான் பக்கத்தில் இருக்கும்போதே வரட்டும். வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். சுற்றி வந்து மறுபக்கம் ஏறினார். கதவைச் சாத்திவிட்டு, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல், தன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

தேவகுமார் நன்றாகத்தான் ஓட்டினான். எஞ்சின் அவன் காலுக்குக் கீழே சந்தோஷமாக உறுமியது. தொடுவெட்டியில் வியாழச் சந்தை. ரோடு தெரியாத கூட்டம். ஹாரன் அடித்து, விலக்கி, மெல்ல ஊர்ந்து சந்தையைக் கடந்தான். கூட்டம் கொஞ்சம் கலைந்து, முன்னால் வேனின் பின்பக்கம் கண்ணில் பட்டதும் விட்டான் ஒரு விடு.

"லே, இறக்கம்!"

"தெரியும் அத்தான்."

சரிவின் நடுவில் ஒரு காளை வண்டி குறுக்காகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் மரச்சீனிக் கூடையோடு இரண்டு பெண்கள். தேவகுமார் மிதித்தான். செல்வதாஸ் காளை வண்டியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் வேறு யாருடைய கண்ணோ ஆனது. மறுபடி மிதித்தான். இருக்கையிலிருந்து எழும்பி நின்று மிதித்தான்.

"அத்தான்... நிக்கல்ல! அத்தான்!"

செல்வதாஸ் கைபிரேக்கை இழுத்தார். செத்த வாலைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

"கியரக் கொறைலே!"

பயத்தில் அவன் கியரை விடுவித்தான், தாழ்ந்த கியர் விழவில்லை. பற்கள் கறகறவென்று அரைத்தன. எஞ்சினின் பிடியும் விட்டுப்போய், வண்டி கல் உருள்வது போல உருண்டது. கூடைக்காரிகளில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் வெற்றிலைச் சிவப்பாய்த் திறந்தது. செல்வதாசுக்கு அதன் பிறகு சத்தமே கேட்கவில்லை. கை மட்டும் தானாகப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தது. இடது பக்கச் செம்மண் திட்டு கதவில் வந்து விழுந்தது. தகடு கிழிந்தது, கயிறு அறுந்து பானட் எழும்பிப் பறந்தது, மண் மடியில் கொட்டியது. திட்டை உரசிக்கொண்டே போன வண்டி, முன்சக்கரம் ஓடையில் இறங்க, ஒரு குலுக்கலோடு நின்றது. பின்னால் இருந்த கூடைகள் அவர்கள் தலைக்கு மேலாகப் பாய்ந்து ரோட்டில் கொட்டின.

காளை வண்டி ஒரு கை தூரத்தில் நின்றது. காளைகளில் ஒன்று குனிந்து பிச்சிப் பூவை மோந்து பார்த்தது.

"ஓய், கண்ணு தெரியாதா ஓய்? ஆளக் கொல்லவா எறங்குனிய?" வண்டிக்காரன் சாட்டைக் கம்போடு வந்தான்.

"விடும் அண்ணே, சவம், அவனுவ மொகத்தப் பாரும். செத்தவனுக்குக்கூட இத்தற வெளுப்பு வராது" என்றாள் வெற்றிலை மென்ற கூடைக்காரி. பிறகு அவளே கூடையை இறக்கி வைத்துவிட்டு ரோட்டோரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். மற்றவள் அழுதாள். யாருக்கும் அடி இல்லை. கூட்டம் கூடியது, திட்டியது, பூவை அள்ளிக் கூடையில் போட்டது, அள்ளிய கையோடு கொஞ்சம் தன் மடியிலும் போட்டது.

தேவகுமார் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. அவன் விரல்களைச் செல்வதாஸ்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

சக்கரம் உடைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் பின்னால் போய்க் குந்தினார். அவ்வளவு மிதித்த பிரேக் கொதித்துக் கிடக்கும் என்று தெரியும். அதனால் புறங்கையை மட்டும், சக்கரத்தின் உள்பக்கம் பிரேக்கை மூடியிருக்கும் டிரம்முக்குக் கிட்டக் கொண்டுபோனார். சூடு அடிக்கவில்லை. இன்னும் கிட்டக் கொண்டுபோனார். பிறகு உள்ளங்கையை வைத்தே அழுத்தினார்.

குளிர்ந்திருந்தது. கிணற்று ராட்டினம் போலக் குளிர்ந்து, நனைந்திருந்தது. மேலே பலகை இடைவெளியிலிருந்து ஒரு சொட்டு அவர் மணிக்கட்டில் விழுந்தது. அடுத்தது டயரில். அடுத்தது நேராக டிரம்மின் வாயில். முன்பு அந்த இடத்தில் ஒரு தகடு இருந்தது.

தன் கையாலேயே, வாளி வாளியாக, இத்தனை நாளும் பிரேக்கை நனைத்துவிட்டு நனைத்துவிட்டு இறக்கத்தில் இறங்கியிருக்கிறோம். பயந்து பயந்து மெல்லப் போன நாளில் தண்ணீர் வடிய நேரம் இருந்தது, நின்றது. வேகமாகப் போன நாளில் நேரமில்லை. காலி வண்டியில் தண்ணீரே இல்லை. அவர் குந்திய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தார். பயம் இப்போதுதான் முழுசாக வந்தது; அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சடை கண்முன்னால் வந்து நின்றது.

"இஞ்ச வா. கைய வை" என்று தேவகுமாரைக் கூப்பிட்டார்.

அவன் வைத்தான். எடுத்துச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நான் இனி ஏறமாட்டேன் அத்தான்."

"ஏறாண்டாம். நடந்து வா."

ஜனம் சேர்ந்து வண்டியை ஓடையிலிருந்து தூக்கிவிட்டது. செல்வதாஸ் மிஞ்சிய கூடைகளை ஏற்றி, தாழ்ந்த கியரில் போட்டு, பிரேக்கில் பாதிக் காலை அழுத்தியபடியே சரிவில் இறங்கினார். ஈரம் ஆவியாகி, பிரேக்கின் லைனிங் தீய்கிற நாற்றம் மூக்கில் ஏறிய பிறகுதான் மூச்சு விட்டார். பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று, பின்னால் நடந்து வந்த மைத்துனனை ஏற்றிக்கொண்டார். அன்று திருவனந்தபுரத்தில் பூவை யாரும் தொடவில்லை.

சுயம்புலிங்கம் நம்பவில்லை. மறுநாள் காலை கிட்டங்கி முன்னால் கிழிந்த தகட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே குரலை உயர்த்தினார்.

"தண்ணி பட்டா பிரேக்கு பிடிக்காதுன்னா, மழையில எவனும் வண்டி ஓட்டப்பிடாதே? அத்தானும் மச்சினனும் சேந்து கத கட்டுதியளா?"

செல்வதாஸ் பூவுக்கு வைத்திருந்த வாளியை எடுத்து, பலகைத் தட்டின் மேல் ஒன்று, இரண்டு என்று கவிழ்த்தார். தண்ணீர் பின்சக்கரங்களின் மேல் கொட்டி வழிந்தது. வாளியை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினார்.

"ஏறுங்க மொதலாளி. ஆரல்வாய்மொழி வரைக்கும் ஒரு ஓட்டம் போயிட்டு வருவோம்."

முதலாளி கதவில் கை வைத்தார். படியில் ஒரு காலையும் வைத்தார். எஞ்சின் அவர் கைக்குக் கீழே நடுங்கியது. அவர் குனிந்து, சொட்டிக்கொண்டிருந்த சக்கரத்தைப் பார்த்தார். செல்வதாசின் முகத்தைப் பார்த்தார். அதில் விளையாட்டு இல்லை. காலைக் கீழே இறக்கிவிட்டார்.

"சரி, சரி. ஜான்ரோசுட்ட கொண்டு விடும். வெட்டின தகட்டத் திரும்பப் போடச் சொல்லும்."

"பெரிய டயரக் கழட்டினாத்தான் தகடு கொள்ளும். முன்னால கம்பியையும் நேராக்கணும்."

"பூ பிந்திப் போவுமே வே!"

"முந்திப் பறிக்கச் சொல்லுங்க."

ஜான்ரோஸ் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பூ ஏற்றி ஒருதரம்கூட ஓட்டிப் பார்க்கவில்லையே என்று தன்னைத்தானே ஏசியபடி வேலையைத் தொடங்கினார். சின்ன டயர் வந்தது, தகடு வந்தது, முன்பிரேக்கும் பிடித்தது. தேவகுமார் பஸ் கம்பெனிக்கே திரும்பிப் போனான்.

அடுத்த வியாழன் செல்வதாஸ் தனியாக வந்தார். வில்லுக்குறியில் அளவாகத் தெளித்தார். குனிந்து பார்த்தார், டிரம் உலர்ந்திருந்தது. தொடுவெட்டியில் கூட்டம் விலகியது. சரிவின் தலைப்பில், ஒருவரும் எதிரே இல்லாதபோதே, மிதித்தார். வண்டி நின்றது. ஆணி அடித்த மாதிரி நின்றது.

பின்னால் ஒரு பஸ் வந்து அடைத்துக்கொண்டது. கண்டக்டர் தலையை நீட்டினான்.

"ஓய் பூவண்டி! நட்டு வச்சிருக்கீரா அங்க? எடும் ஓய்!"

செல்வதாஸ் பிரேக்கின் மேலிருந்த தன் காலைப் பார்த்தார். அதை எடுத்தால்தான் வண்டி போகும். கொஞ்சமாக எடுத்தார். வண்டி அசைந்தது. மறுபடி மிதித்தார். நின்றது. கண்டக்டரும் டிரைவரும் சேர்ந்து கத்தினார்கள், ஹாரன் விடாமல் அடித்தது. அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரு தடவை கொஞ்சமாகக் காலை எடுத்தார்.